மூச்சை இழுத்து ஒரு படம், விட்டு ஒரு படம்

வாசகர் கேள்வி – பதில்: நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சையும் ஸ்கானும்

கேள்வி: தம்பிக்குக் கனடாவில ரெண்டு நுரையீரலும் மாத்தி மூண்டு வருசம். ஊதிப் பாக்கிற கணக்குக் குறைஞ்சு போச்சு எண்டு போன மாசம் சீ.ரி. ஸ்கான் எடுத்தவை. படத்தைப் பாத்தே ஆள் எவ்வளவு காலம் இருப்பார் எண்டு சொல்லுவினமாம். உண்மையோ? – வாசகி, கிளிநொச்சி

பதில்: இத்தனை வருடம் என்று எந்தப் படமும் சொல்லாது. அவருடைய நிலைமை எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும். அதை வைத்துத்தான் வைத்தியர்கள் பேசுகிறார்கள்.

முதலில் ஊதும் கணக்கு. ஒரு செக்கனில் ஊதித் தள்ளும் காற்றின் அளவுக்கு எஃப்.ஈ.வி.-1 என்று பெயர். சத்திரசிகிச்சைக்குப் பிறகு, குறைந்தது 3 கிழமை இடைவெளியில் வந்த மிகச் சிறந்த இரண்டு அளவுகளின் சராசரிதான் அவருடைய அடிக்கோடு. 2.6 லீட்டரும் 2.4 லீட்டரும் என்றால் அடிக்கோடு 2.5. அது 2.0க்கு இறங்கினால் 20 வீத வீழ்ச்சி. வேறு காரணம் எதுவும் இல்லாமல் 3 மாதம் அப்படியே நின்றால், மாற்றிய நுரையீரல் நாட்பட்ட முறையில் பழுதடைகிறது என்று உறுதி செய்வார்கள்.

படத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பழுதில் பிரதானமாக இரண்டு வகை. ஒன்றில் சின்னக் காற்றுக்குழாய்கள் அடைபட்டு, உள்ளே போன காற்று வெளியே வராமல் தேங்கும். மற்றதில் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். படத்தில் வெண்திட்டுகள் தெரியும், பல தடவை மேற்பகுதியிலும் உறையை ஒட்டியும். முதல் வகை கண்டுபிடிக்கப்பட்ட பின் நடு அளவாக 3 முதல் 5 வருடம் என்றும், சுருங்கும் வகைக்கு 6 முதல் 18 மாதம் என்றும் சொல்லப்படுகிறது. நடு அளவு என்றால் பாதிப் பேர் அதற்கு முன், பாதிப் பேர் அதற்குப் பின். உங்கள் தம்பி எந்தப் பாதி என்று அதில் எழுதியிருக்காது.

ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் பிழை. இரணைமடுக் குளத்தில் இன்றைக்கு எத்தனை அடி என்று பார்த்தால் மட்டும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணுமா என்று சொல்லலாமா? போன மாதம் எத்தனை அடி நின்றது என்றும் தெரிய வேண்டும். தம்பியிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: நல்லாய் இருந்த காலத்தில் எடுத்த படத்தோடு இந்தப் படத்தை ஒப்பிட்டார்களா?

கேள்வி: சென்னையில மாத்திக்கொண்டு ஊருக்கு வந்திட்டன். இஞ்ச ஸ்கான் எடுத்து அனுப்ப, மூச்சை விட்டு எடுத்த படம் சரியில்லை, திருப்பி எடுங்கோ எண்டினம். ஏன் ரெண்டு படம்? என்ன பிழை விட்டிருப்பன்? – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தேங்கிய காற்று, மூச்சை இழுத்து எடுத்த படத்தில் மட்டும் பிடிபடாது. நிறைந்த நுரையீரல் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும். விட்ட பிறகு நல்ல பகுதி சுருங்கிச் சாம்பல் நிறமாகும். அடைபட்ட பகுதி கறுப்பாகவே நிற்கும்.

இதைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் கணினியால் எண்ணுகிறார்கள். சீ.ரி.யில் காற்றுக்கு −1000, தண்ணீருக்கு 0 என்று அளவு. இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, ஒவ்வொரு சின்னப் புள்ளியாகப் பார்ப்பார்கள். ஒரு புள்ளி இழுக்கும்போது −870, விட்டால் −700: நல்லது. இன்னொன்று இழுக்கும்போது −900, விட்டாலும் −880: அங்கே காற்று சிறைப்பட்டிருக்கிறது. விட்ட படத்தில் −856க்குக் கீழே நிற்பதுதான் கோடு. இழுத்த படத்திலேயே −950க்குக் கீழே போனால் அது நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் அழிந்த இடம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்காக உருவாக்கி 2012இல் வெளியிட்ட முறை இது; பிறகு நுரையீரல் மாற்றியவர்களுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சிறைப்பட்ட புள்ளிகளின் வீதம் ஏற ஏற, நிலைமை மோசம்.

இப்போது உங்கள் பிழை. நீங்கள் முழுதாக மூச்சை விடவில்லை என்றால், நல்ல பகுதியும் கறுப்பாகவே நிற்கும்; கணினி அதையும் நோய் என்று எண்ணிவிடும். விட்டீர்களா இல்லையா என்பதைப் பெரிய மூச்சுக்குழாயின் குறுக்குவெட்டே காட்டிக் கொடுக்கும். இழுத்தால் அது வட்டம். நன்றாக விட்டால் பின்சுவர் உள்ளே வளைந்து பிறைபோலாகும். இரண்டு படத்திலும் வட்டமாகவே இருந்தால் அந்த ஸ்கான் வீண்.

அதனால் மேசையில் ஏறுவதற்கு முன்னமே, மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேலே வைத்து மூன்று தரம் பழகுங்கள். நிறைய இழுத்து 10 செக்கன் பிடியுங்கள். பிறகு விளக்கை ஊதி அணைப்பதுபோல் விட்டு, இனி இல்லை என்ற இடத்தில் நிறுத்திப் பிடியுங்கள். இயந்திரத்தில் பதிந்திருக்கும் குரல் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால், பக்கத்தில் நிற்பவரைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அந்த 10 செக்கனுக்காக வெட்கப்படத் தேவையில்லை.

சளியும் காய்ச்சலும் இருக்கிற கிழமையில் ஒப்பீட்டுக்கான ஸ்கான் எடுக்க வேண்டாம். இந்த அளவீட்டுக்கு, படம் துலக்கமாகத் தெரிய ஏற்றும் ஊசிமருந்தும் தேவையில்லை. அது எண்களை மாற்றும், மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டக்ரோலிமஸ் மருந்து ஏற்கனவே வாட்டும் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. ஒரு பக்கம் மட்டும் மாற்றியவர் என்றால், மாற்றிய பக்கத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். பழைய நுரையீரலின் நோய் கணக்கைக் குழப்பும்.

கேள்வி: பெரிய பிலிம் படம் காணாதோ? – வாசகர், மாங்குளம்

பதில்: காணாது. பிலிமில் தெரிவுசெய்த சில வெட்டுகள்தான் இருக்கும், அதிலிருந்து எண்ணை எடுக்க முடியாது. கணக்குக்கு 1 மில்லிமீட்டர் அளவு மெல்லிய வெட்டுகள் முழுவதும், டைகொம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில், இறுவட்டில் வேண்டும். வாங்கிய அன்றே பென்டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். முடிந்தவரை ஒரே இயந்திரத்தில் எடுப்பது நல்லது. இயந்திரம் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும்.

கேள்வி: அப்பாவுக்கு மாத்தி ஒண்டரை வருசம். தடுக்கத் தடுக்க வயலுக்கை இறங்கிறார். இப்ப படத்தில புதுத் திட்டு. சுருங்கிற வருத்தம் எண்டு சொல்லிப்போட்டினம். – வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரவேண்டாம். தொற்றும் அதே வெண்திட்டைத்தான் காட்டும். மாரியில் சேற்றில் நிற்பவருக்கு மெலியோடோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வரலாம். படத்தில் காசநோய் போலவே இருக்கும். வைக்கோல் தூசியில் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை இருக்கும். அப்பா வயலில் நின்றவர் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆய்வுகூடத்துக்கும் அது தெரியவேண்டும், இல்லாவிட்டால் மெலியோடோசிஸ் கிருமியை வேறொன்று என்று ஒதுக்கிவிடக்கூடும்.

மருந்து தொடங்கும்போது இன்னொரு ஆபத்து. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இரத்தத்தில் டக்ரோலிமஸ் அளவை இறக்கும். பூஞ்சைக்கான வோரிகோனசோல் ஏற்றும். மாற்றுச் சத்திரசிகிச்சை செய்த குழுவிடம் கேட்காமல் இரண்டையும் தொடங்கக் கூடாது. தொற்றுக்கு மருந்து முடித்து, திருப்பி ஸ்கான் எடுத்து, திட்டு அப்படியே நின்றால்தான் மற்றப் பேச்சு.

கேள்வி: இத்தனை ஸ்கான் எடுத்தால் கதிர் கூடாதோ? – வாசகர், வவுனியா

பதில்: கதிரை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். வழமையான மார்பு சீ.ரி. ஒன்று ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிசீவர்ட். இயற்கையாகவே உலகில் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக 2.4 வாங்குகிறார். மூச்சை விட்டு எடுக்கும் படத்தைக் குறைந்த கதிரில் எடுக்கலாம், கேளுங்கள். மாதாமாதம் எடுக்கும் பரிசோதனை அல்ல இது. மாதாமாதம் செய்யவேண்டியது ஊதிப் பார்ப்பது.

கேள்வி: அம்மாவை இன்னும் நுரையீரல் மாத்திற பட்டியலில போடேல்லை. நெஞ்சு ஸ்கானில முதுகுத் தசையை அளந்தவை. நுரையீரலுக்கும் தசைக்கும் என்ன தொடர்பு? – வாசகர், முல்லைத்தீவு

பதில்: 12ஆம் மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளப்பார்கள். தசை வற்றியவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பின் மூச்சியந்திரத்திலிருந்து மெல்லத்தான் இறங்குவார்கள், வைத்தியசாலையிலும் கூட நாள் கிடப்பார்கள். உயிர்வாழ்வோடும் தொடர்பு இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லாம் அல்ல. படம் காட்டுகிறவற்றில் நீங்கள் வீட்டிலிருந்தே மாற்றக்கூடியது இது.

சிறுநீரகம் சரியாக இருந்தால், எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 45 கிலோ அம்மாவுக்கு நாளுக்கு 54 முதல் 68 கிராம். முட்டை ஒன்றில் 6, விரால் மீன் 100 கிராமில் 18 அளவில், அவித்த கௌப்பி ஒரு கோப்பையில் 13 அளவில். கஞ்சியையும் தேத்தண்ணியையும் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு எட்டாது. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதைப் பத்துத் தரம், காலையும் மாலையும். விரல் மானியில் ஒட்சிசன் 88 வீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்தி இருத்துங்கள்.