4294967297: மீதி 1 வந்தும் ஏன் பகா எண் இல்லை?

2^4294967296-ஐ 4294967297-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதே, அப்படியானால் அது பகா எண்தானே என்று கேட்டீர்கள். இல்லை. 4294967297 = 641 × 6700417. கணிதவியலாளர் ஆய்லர் 1732-லேயே கண்டுபிடித்தது இது. 2^4294967296-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 என்று உங்கள் நிரல் காட்டியது சரிதான். 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண் p-க்கும் 2^(p−1)-ஐ p-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்; ஆனால் மீதி 1 வந்துவிட்டதாலேயே பகா எண் என்று முடிவுகட்டியதுதான் தவறு.

காரணம் அந்த எண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. அது 2^32 + 1. அதாவது அதனால் வகுக்கும்போது 2^32-இன் மீதி −1-க்குச் சமம். வர்க்கப்படுத்தினால் 2^64-இன் மீதி 1. நீங்கள் எடுத்த அடுக்கு 4294967296, 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும். பெர்மா எண்கள் (இதுபோல 2^(2^n) + 1 வடிவில் உள்ளவை) எல்லாமே 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் இப்படித் தேறிவிடும்.

2-க்குப் பதில் 3 போட்டுப் பாருங்கள், மீதி 1 வராது. காகிதத்திலேயே பார்க்க ஓர் அழகான வழியும் உண்டு: 641 = 5 × 2^7 + 1, அதுவே 5^4 + 2^4-உம் கூட. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2^7 என்பது −1-க்கும், 5^4 என்பது −2^4-க்கும் சமம். முதலாவதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28 என்பது 1-க்குச் சமம்; அதில் 5^4 வரும் இடத்தில் −2^4 போடுங்கள், −2^32 என்பது 1-க்குச் சமம் என்று வரும். அதாவது 2^32 + 1-ஐ 641 மீதியின்றி வகுப்பது தெரிந்துவிடும்.

3 போடும்போது ஒரு கவனம். இடையில் வரும் பெருக்கல் 2^64 வரை போகலாம்; 64 பிட் மாறியில் அது அடங்காது, பெரிய எண் வகையைப் பயன்படுத்துங்கள். அப்புறம், 2-க்குப் பதில் வேறு எண்ணைப் போட்டுப் பார்ப்பது எப்போதும் காப்பாற்றாது: 561 = 3 × 11 × 17, ஆனால் அதோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைப் போட்டாலும் தேறிவிடும். பொதுவான எண்களுக்கு இதையே இன்னும் கடுமையாக்கிய மில்லர்-ராபின் சோதனைக்குப் போங்கள்.