குதிரைக்காரி

அன்புள்ள ஐயா,

என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். ஏழு வயதில் அவளை அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே கூடும் குதிரைச் சந்தையைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கமெல்லாம் குதிரைப் படம்தான். குதிரையோடு இருக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். "பெண்ணைக் குதிரைக்காரி ஆக்கப் போகிறாயா?" என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுப்பது என்று இன்னும் பத்து நாளில் முடிவு செய்தாக வேண்டும். குதிரையை நம்பி ஒரு படிப்பும் பிழைப்பும் உண்டா? அதுவரை அவள் எதை வாசிக்கலாம்?

ஒரு தாய், ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து நாள் கெடு இருப்பதால் அவசரமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய பிரிவை எடுக்கட்டும். கால்நடை மருத்துவப் படிப்புக்கு அது வேண்டும்; இடையில் மனம் மாறினாலும் வேறு படிப்புகளுக்கு உதவும். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

தான் நேசிப்பது எந்தக் குதிரையை என்று உங்கள் மகள் தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. அய்யனார் கோயில் மண்குதிரையையும், ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கல்குதிரையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவை தின்பதில்லை, லத்தி போடுவதில்லை, நள்ளிரவில் வயிறு வலித்துத் தரையில் புரள்வதில்லை. உயிருள்ள குதிரையோ நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள, எதைக் கண்டு மிரண்டாலும் முதலில் ஓடிவிட நினைக்கிற, பொழுதின் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கிற பிராணி. கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம் என்று குதிரையைப் பற்றிப் பழமொழி சொல்கிறது. நான் பார்த்தவரையில் சவாரி கற்க வருகிறவர்களிடம்தான் அந்தக் குணம் அதிகம். சேணத்தில் ஏறும்போது இருக்கிற உற்சாகம், இறங்கியபின் வியர்வையைத் துடைத்துக் குளம்பில் அடைந்த மண்ணைச் சுரண்டி எடுக்கும் நேரத்தில் இருப்பதில்லை.

இதில் நமக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதியிருக்கிறார். குதிரையைப் பேண இங்கே யாருக்கும் தெரியவில்லை, லாடம் அடிக்கவும் ஆளில்லை என்று காரணம் சொல்லும் அவர், அப்படிப்பட்ட ஆட்களை இந்தப் பக்கம் வரவிடாமல் குதிரை வணிகர்களே தடுத்துவிடுகிறார்கள் என்கிறார். செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை கிடைக்கும்! பயணியின் எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் குதிரைக்குப் பஞ்சமில்லாத இடத்தில் குதிரையைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பஞ்சம் இருந்தது என்பதை நான் நம்புகிறேன். இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், எழுதிக்கொண்டிருந்த ஒரு கதைக்காக, ஒரு சவாரிப் பள்ளியின் லாயத்துக்கு இரண்டு மாதம் விடியற்காலையில் போய்வந்தேன். அங்கே சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, இருந்த பெரியவர் காலையில் வந்ததும் குதிரையைத் தொடமாட்டார். எத்தனை குவியல், உருண்டையாக இருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று முதலில் லத்தியைத்தான் பார்ப்பார். ஒருநாள் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரையின் தொட்டியில் ஊறவைத்த கொள்ளு பாதி அப்படியே கிடந்தது. குதிரை இரண்டு முறை கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது. ஈ கடிக்கிறது போலும் என்று நான் நினைத்தேன். பெரியவர் அதன் விலாவில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். உடனே டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் சிக்கிக்கொண்டது கீழ்வழியாகத்தான் போயாக வேண்டும், போகாவிட்டால் உயிரே போய்விடும். டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து கொடுத்தார். பகல் இரண்டு மணிக்கு அது லத்தி போட்டபோது லாயத்தில் இருந்த அத்தனை பேரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். உங்கள் உறவினர்கள் கேலிக்குச் சொல்லும் குதிரைக்காரர் என்பவர் இவர்தான். அவருக்குத் தெரிந்ததில் பாதியையாவது தெரிந்துகொள்ளாமல் எந்தப் பட்டத்தை வாங்கியும் குதிரைக்குப் பயனில்லை.

இனி பட்டத்துக்கு வருகிறேன். கால்நடை மருத்துவப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சியும் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள். தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட் தேவை. 1903இல் தொடங்கப்பட்ட கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் நாமக்கல்லிலும் ஒன்று உண்டு. நாமக்கல் என்றதும் கோழி நினைவுக்கு வருமானால் அதுவும் பொருத்தம்தான். மாடு, ஆடு, கோழி, நாய் ஆகியவற்றுக்கெல்லாம் பிறகுதான் பாடத்தில் குதிரை வரும். பசுவின் மடிவீக்கத்தையும் அதே அக்கறையோடு பார்க்க முடியுமா என்று மகளைக் கேளுங்கள். முடியாது என்றால் இந்தப் படிப்பு அவளுக்குத் தண்டனையாகிவிடும். முடியும் என்றால், படித்து முடித்தபின் வழிகள் பல. 1779இல் தொடங்கிய வரலாறு கொண்டதும் மீரட்டில் பயிற்சி மையம் உள்ளதுமான ராணுவக் கால்நடைப் பிரிவு இந்தப் பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுக்கிறது. அண்மை ஆண்டுகளில் பெண்களுக்கும் அங்கே இடம் உண்டு. ஹரியானாவின் ஹிசாரில் குதிரை இனங்களுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பலருக்குத் தெரியாத இன்னொரு துறை பாம்புக்கடி மருந்து. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கும் பாம்பு விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் மருந்து செய்கிறார்கள். வயலில் கடிபட்ட ஒரு விவசாயி பிழைப்பதற்குப் பின்னால் ஒரு குதிரை நிற்கிறது. அந்தக் குதிரையின் நலத்தைப் பார்க்கவும் ஒரு மருத்துவர் வேண்டும்.

பந்தயத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. பந்தயச் சூதாட்டத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974இல் சட்டம் கொண்டுவந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்து அதைக் காப்பாற்றியது. 2024இல் கிண்டி மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. பந்தயப் பணத்தின்மேல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025இல் 40 சதவீதம் ஆயிற்று. இப்படி ஆடிக்கொண்டிருக்கும் பலகையின்மேல் பதினாறு வயதுப் பெண் ஏறி நிற்க வேண்டியதில்லை. விளையாட்டுச் சவாரி வேறு விஷயம். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் மோதும் விளையாட்டு அது; 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணி அதில் தங்கம் வென்றது. ஆனால் அந்த அணியினர் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். அதற்கான செலவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஆசையாக இருப்பது லாடம் அடிக்கும் தொழில்மேல்தான். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும்; ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும்; ஆணி ஒரு நூல் உள்ளே போனால் குதிரை நொண்டும். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாகப் பயின்று பதிவு செய்தவர் மட்டுமே இந்த வேலையைச் செய்யலாம். இங்கே தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்கிறான், அத்தோடு சரி. உங்கள் மகள் டாக்டர் ஆனாலும் ஒரு நல்ல லாடக்காரரிடம் ஆறு மாதம் போய் நிற்கட்டும்.

வாசிப்புக்குக் குதிரைக்காரர்கள் எழுதியதையே முதலில் கொடுப்பேன். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் படைவீரர் செனஃபன் குதிரைப் பழக்கம் பற்றி எழுதிய சிறு நூல் ஆங்கிலத்தில் கிடைக்கும். குதிரை வாங்கப் போகிறவனை அவர் முதலில் குளம்பைப் பார்க்கச் சொல்கிறார். கோபத்தோடு குதிரையின் அருகே போகாதே என்கிறார். அன்னா சூவல் 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' குழந்தைக் கதையாக இங்கே அறியப்பட்டாலும், வண்டிக் குதிரையின் தலையை நிமிர்த்திக் கட்டும் வாரின் கொடுமையைச் சொல்வதற்காக எழுதப்பட்டது. தமிழில் பட்டினப்பாலையின் "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி" என்ற அடியை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த அடியில் வரும் மிளகு மூட்டைக்கு முன்னால், துறைமுகத்தில் இறங்கும் குதிரை அது.

பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரையின் கதையையும் அவள் தேடிப் படிக்க வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அதற்குக் கூட்டல் கழித்தல் கற்றுக்கொடுத்ததாக நம்பினார். விடையைக் குளம்பால் தட்டிக் காட்டியது. 1904இல் ஒரு குழு ஆராய்ந்து, மோசடி ஏதுமில்லை என்றது. பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர், கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் கண்ணில் படாதபோதும் குதிரை தவறுவதைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் மயிரிழை அளவு அசைந்தது. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. கணக்கு தெரியாத அந்தக் குதிரை, எதிரே நின்ற மனிதர்களை அப்படிப் படித்திருக்கிறது.

வரும் ஆடியில் அவளை மறுபடி அந்தியூருக்கு அழைத்துப் போங்கள். நாட்டியக் குதிரையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் சேர வேண்டாம். ஓரமாகக் கட்டியிருக்கும் ஏதாவது ஒரு குதிரையின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, எட்டி உதைக்க முடியாத தூரத்தில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். எந்தக் காலைத் தளர்த்தி நிற்கிறது, காது எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு தின்றது, எத்தனை முறை லத்தி போட்டது என்று எழுதட்டும். அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்.