ஹால் கடைசி, பாத்ரூம் முதல்

வீட்டுப் பழுது: கேளுங்கள், சொல்கிறேன்
(மும்பையில் வீடு புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் வாசகியருக்கும் வாசகர்களுக்கும் பதில் சொல்கிறார்)

கேள்வி: செம்பூரில் 1988இல் கட்டிய நான்கு மாடிக் கட்டடம். இரண்டாவது மாடியில் எங்கள் ஒரு படுக்கையறை வீடு. லிஃப்ட் கிடையாது. கணவர் ஓய்வு பெற்று வந்த பணத்தில் 4 லட்சத்தை வீட்டுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். மகளுக்கு வரன் பார்ப்பதால் ஹாலை முதலில் செய்யணும் என்கிறார் அவர். புனேயில் வேலை பார்க்கும் மகன், சமையலறைச் சுவரை இடித்து ஓப்பன் கிச்சன் ஆக்கச் சொல்கிறான். எனக்கு ஓட்டாவை (சமையல் மேடையை) மாற்றினால் போதும். கடப்பாக் கல் விரிசல் விட்டு அடியில் கரப்பான் குடித்தனம் நடத்துகிறது. மாமியாருக்கு 78 வயது. அவர் எதுவும் கேட்பதில்லை. குளித்துவிட்டு எழுந்திருக்கும்போது குழாயைப் பிடித்துக்கொள்கிறார். எதில் ஆரம்பிப்பது? எழுத மறந்துவிட்டேன்: எங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே அவர்கள் கூரையில் ஈரத் திட்டு இருக்கிறது என்று கீழ் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.
– பெயர் வேண்டாம், செம்பூர்

பதில்: எழுத மறந்துவிட்டேன் என்று கடைசியில் போட்டீர்களே, அந்த வரிக்குத்தான் அம்மா முதல் செலவு. பாத்ரூமில் ஆரம்பியுங்கள்.

ஆனால் காசை எடுப்பதற்கு முன்னால் சொசைட்டி (கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கம்) செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செம்பூரில் இப்போது எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கட்டடத்தைத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டடத்துக்கு 30 வயது தாண்டிவிட்டது. மாநகராட்சிச் சட்டம் 353பி பிரிவுப்படி கட்டட உறுதிச் சோதனை செய்திருக்கணும். அந்த அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது? ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்ட, கூட்டுறவுச் சங்கச் சட்டம் 79ஏ பிரிவுப்படி கூட்டம் போடப் பேச்சு நடக்கிறதா? பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்றால் ஒழுகலை நிறுத்துங்கள், மாமியாருக்குக் கைப்பிடி போடுங்கள், மீதியை பேங்கில் போட்டு வையுங்கள். இரண்டு வருடத்தில் இடிக்கப் போகிற சுவரில் இத்தாலியன் டைல்ஸ் ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரியணும். கீழ் வீட்டுக்குப் போய், காபி குடித்துக்கொண்டே, அந்தத் திட்டை நீங்களே பாருங்கள். மழைக் காலத்தில் மட்டும் ஊறி, ஜனவரியில் காய்ந்துவிடுகிறது என்றால் வெளிச்சுவர் பக்கம் சந்தேகப்படணும். வருடம் முழுக்க ஈரமாக இருந்தால் உங்கள் பாத்ரூம்தான். அடுத்து, பாத்ரூமுக்குப் போகும் குழாயின் வால்வை இரண்டு நாள் மூடிவிட்டு, வாளியில் தண்ணீர் எடுத்துக் குளியுங்கள். திட்டு வாடினால் சுவருக்குள் போகும் குழாயில் ஓட்டை. 1988 கட்டடம் என்றால் அது ஜிஐ பைப்பாகத்தான் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்கும். உள்ளே துரு தின்றிருக்கும். திட்டு அப்படியே இருந்தால் தரைதான். நஹானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாய்) துணி வைத்து அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

தரைதான் என்று தெரிந்தால், மேலே ஏதாவது கெமிக்கல் பூசி, டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். குறைவாகக் கேட்பார், இரண்டு நாளில் முடிப்பார். அனுப்பிவிடுங்கள். பழைய மும்பைக் கட்டடங்களில் கழிவறை, குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, அந்தக் குழியைச் செங்கல் துண்டும் சிமெண்டும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அதுதான் கோபா. செங்கல் தண்ணீரைக் குடிக்கும். முப்பது வருடம் குடித்த செங்கலுக்கு மேலே எதைப் பூசினாலும் அது கீழேதான் சொட்டும். கோபாவை எடுத்துத்தான் ஆகணும்.

எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சுத்தியல், உளி மட்டும்தான். பிரேக்கர் மெஷினை உள்ளே விடாதீர்கள். அடியில் இருப்பது கீழ் வீட்டுக் கூரை. குழி திறந்ததும் கான்கிரீட்டில் கம்பி தெரிந்து, துரு ஏடு ஏடாகக் கையோடு வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, சொசைட்டியின் கட்டட இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மிஸ்திரி (கொத்தனார்) ‘சல்தா ஹை’, பரவாயில்லை, என்பார். சொல்லட்டும். எல்லாம் சரியாக இருந்தால் குழிக்கு வாட்டர்ப்ரூஃபிங், நான்கு சுவரிலும் ஓரடியாவது ஏற்றிப் பூசணும். பூசி முடித்து, டைல்ஸ் போடுவதற்கு முன்னால் தண்ணீர் கட்டி மூன்று நாள் விடச் சொல்லுங்கள். இந்த மூன்று நாளைத்தான் எல்லா ஒப்பந்தக்காரரும் ஒரு நாளாக்கப் பார்ப்பார்கள் (என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்கிறேன்). கீழ் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லி, அவர் ‘சரி’ என்ற பிறகு கடைசித் தவணையில் ஒரு பங்கைக் கொடுங்கள். குழியை மறுபடி செங்கலால் நிரப்பாமல் சிப்போரெக்ஸ் (எடை குறைந்த கான்கிரீட் கல்) துண்டு போட்டால் தளத்துக்குப் பாரம் குறையும். குழாய் எல்லாம் சிபிவிசி பிளாஸ்டிக். சுவரை மூடும் முன் ஒவ்வொரு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கிறவருக்கு அந்தப் படம் வேண்டும்.

கழிவறையும் குளியலறையும் தனித்தனியாக இருந்தால் ஒன்றை முடித்து இன்னொன்றைத் திறங்கள். ஒன்றாக இருந்தால், கோபா எடுப்பதிலிருந்து டைல்ஸ் வரை மாமியாரை உறவுக்காரர் வீட்டில் விடுவதுதான் நல்லது.

அவருக்காகச் செய்ய வேண்டியவை செலவில் சின்னவை. தரைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ். ஷோரூமில் ஒரு துண்டை வாங்கி, தண்ணீர் ஊற்றி, சோப்பு தேய்த்து, காலை வைத்துப் பாருங்கள். கைப்பிடியை டைல்ஸில் மட்டும் திருகக் கூடாது. பின்னால் கெட்டியான சுவர் இருக்கிற இடத்தில் போடணும், அதை டைல்ஸ் ஒட்டும் முன்பே குறித்துவிடணும். கதவு இப்போது உள்பக்கமாகத் திறக்கும் என்று நினைக்கிறேன். வெளிப்பக்கமாக மாற்றுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்ளே திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற மாதிரி கிடைக்கிறது. கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பிளக், எர்த், போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). இதில் பேரம் வேண்டாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். லிஃப்ட் இல்லாத வீட்டில் கோபா முழுவதும் கோணிப்பையில் ஏறி, ஹால் வழியாகத்தான் படி இறங்கும். புது சிமெண்டும் மணலும் அதே ஹால் வழியாகத்தான் ஏறும். புதுத் தரை போட்ட ஹாலில் அத்தனை மூட்டையும் இழுபட்டால் மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் போவது கீறல்தான். ஹாலைக் கடைசியில் தொடுங்கள். அதற்கும் பெயின்ட்டும் நல்ல விளக்கும் போதும். பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங் இந்தப் பட்ஜெட்டில் வேண்டாம். பெண் பார்க்க வருகிறவர்களும் ஒரு தடவை பாத்ரூமுக்குப் போவார்கள் என்பதையும் அவர் காதில் போட்டு வையுங்கள்.

மகனுக்குப் பதில் சுருக்கமானது. அந்தச் சுவரை எடுக்கலாமா கூடாதா என்பதை இன்ஜினியர் எழுதிக் கொடுக்கணும், சொசைட்டி அனுமதி வேணும். மிஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வது போதாது. அது கிடைத்தாலும், தினமும் தாளிக்கிற வீட்டில் எண்ணெய்ப் புகை சோபா வரைக்கும் வரும். புனேயில் இருப்பவருக்கு அது தெரியாது.

உங்கள் ஓட்டா இரண்டாவது. பாத்ரூமுக்கும் கழிவறைக்கும் ஒன்றரையிலிருந்து இரண்டு லட்சம் எடுத்து வையுங்கள். குழாய், ஷவரில் ஆசைப்பட்டால் ஏறும். மீதியில் ஓட்டாவுக்கு கிரானைட், சிங்க்குக்குப் புதுக் குழாய், அடியில் கதவுகள் எல்லாம் வந்துவிடும். சிங்க்குக்கு அடியில் மட்டுமாவது ஐஎஸ் 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் கேளுங்கள். சமையலறைக்குப் போகும் தண்ணீர்க் குழாயை பாத்ரூம் வேலையோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள், பிளம்பர் இரண்டு தடவை சுவரை உடைக்க வேண்டியிருக்காது. அடுப்பை நகர்த்துவதானால் குழாய் எரிவாயு இணைப்பில் பிளம்பர் கை வைக்கக் கூடாது. எரிவாயு நிறுவனத்தின் ஆளே வந்து மாற்றணும்.

வேலையைத் தீபாவளி முடிந்த உடனே வைக்காதீர்கள். ஆறாம் நாள் சட் பூஜை, வட இந்தியர்களின் சூரிய வழிபாட்டுப் பண்டிகை. டைல்ஸ் மிஸ்திரிகளில் நிறையப் பேர் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசக்காரர்கள், அது முடிந்துதான் திரும்பி ரயில் ஏறுவார்கள். டிசம்பரில் ஆரம்பித்தால் பெயின்ட் காய வெயிலும் மிச்சம் இருக்கும். இடிபாட்டை ராத்திரியில் தெருமுனையில் கொட்டிவிட்டுப் போகிற டெம்போக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அள்ளிப்போக மாநகராட்சியிலேயே ஏற்பாடு இருக்கிறது, வார்டு ஆபீஸில் கேளுங்கள்.

கேள்வி: மேல் மாடி வீடு. படுக்கையறைக் கூரை மழைக்கு மழை ஊறிப் பூஞ்சை பிடிக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடலாமா?
– வாசகர், முலுண்ட்

பதில்: மறைத்தால் பூஞ்சைக்கு நிழல் கிடைக்கும், அவ்வளவுதான். மகாராஷ்டிர சொசைட்டிகளுக்கான மாதிரித் துணைவிதிகளின்படி, மொட்டை மாடி வழியாக மழைத் தண்ணீர் இறங்கி மேல்மாடிக் கூரையும் பூச்சும் கெட்டால் செலவு சொசைட்டியுடையது. கழிவறை, சிங்க் கசிவு என்றால்தான் உறுப்பினர் தலையில். படம் எடுத்து, தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது கமிட்டி மாறினால் போய்விடும். மாடி வேலை முடிந்து ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு உங்கள் கூரைக்கு வாருங்கள். அதுவரை மற்ற அறைகளைப் பாருங்கள், அந்த அறையில் புட்டி கூட வேண்டாம்.

கேள்வி: 11 மாத ஒப்பந்தத்தில் வாடகை வீடு. எந்த அறையைச் சரி செய்தால் உபயோகம்?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: கழற்றி எடுத்துப் போக முடிந்ததை மட்டும் வாங்குங்கள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன், ஓட்டாவுக்கு மேல் ஒரு நல்ல எல்இடி பட்டை, திரைச்சீலை. சுவரில் ஓட்டை போடும் முன் உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு, ‘ஓகே’ என்று பதில் வாங்குங்கள். டெபாசிட் திரும்ப வாங்கும் நாளில் அந்த ‘ஓகே’யைத் தேடிக் காட்ட வேண்டியிருக்கும். குழாய் ஒழுகினால் அவர் செலவில் செய்யச் சொல்லுங்கள். செய்யவில்லை என்றால், பதினோராவது மாதம் ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை.