பிரஷர் குளிசை குடித்தால் கால், முகம் வீங்குவது ஏன்?

பிரஷர் குளிசையால் வரும் வீக்கம் இரண்டு வகை. ஒன்று தொல்லை, மற்றது ஆபத்து.

தொல்லை என்பது கணுக்கால் வீக்கம். அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசை குடிப்பவர்கள் சிலருக்கு வரும். நாள் முழுக்கக் கொழுந்து மலையில் நின்றால் அந்தியில் கூடும். இந்த மருந்து இரத்தம் கொண்டுவரும் சிறு நாடிகளை விரிக்கிறது, திருப்பிக் கொண்டுபோகும் நாளங்களை அவ்வளவாக விரிப்பதில்லை. பீலிக்கு வரும் குழாயைப் பெரிதாக்கிவிட்டு, தண்ணீர் போகும் கானை அப்படியே விட்டால் சுற்றிலும் சேறாகுமே, அப்படித்தான். 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது அதிகம். டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். பலர் கேட்டு வாங்கும், சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கும் ‘நீர்க் குளிசை’ இதற்குப் பெரிதாக உதவாது. மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ காரணம் வேறாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

உதடு, நாக்கு வீங்குவது வேறு கதை. எனலாபிரில், லிசினோபிரில் போன்ற பிரஷர் குளிசைகள் பிராடிகைனின் என்ற பொருள் உடலில் சிதைவதைத் தடுக்கின்றன. அது தேங்கினால் நாளங்கள் கசியும். அபூர்வம்தான், ஆனால் தொண்டையை அடைக்கலாம். அடுத்த குளிசையைப் போடாமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

“இத்தனை வருஷம் ஒத்துப்போன குளிசை, அதனால் இருக்காது” என்பார்கள். இந்த வீக்கம் வருடங்கள் கழித்தும் முதல் தடவையாக வரும்.