ஓதத்தை விரட்ட 840,000 ரூபா: வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: நுவரெலியாவில் 1,100 சதுர அடியில் சொந்த வீடு. மழை மாதங்களில் சுவர் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம், அலுமாரியைத் திறந்தால் சேலையில் வாடை. அம்மாவுக்கு ஆஸ்துமா. வீடு முழுவதற்கும் ஒரே டிஹியூமிடிஃபயர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்), சீலிங்குக்குள் டக்ட், எல்லாம் சேர்த்து 840,000 ரூபா என்று கொழும்பிலிருந்து ஒரு கடைக்காரர் விலை கொடுத்திருக்கிறார். நாளுக்கு 45 லீட்டர் தண்ணீரை இழுக்குமாம், 700 வாட். முன்பணம் 240,000, மீதியை 3 வருடத்தில் கட்டலாம், வட்டி "8 சதவீதம்தான்". வங்கியில் 10 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது, முதிர 5 மாதம். நகையும் கொஞ்சம் உண்டு. செலவு போக மாதம் 30,000 மிஞ்சும். கரண்ட் மாதம் 70 யூனிட். வைப்பை உடைப்பதா, நகையை அடகு வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். காசு எங்கிருந்து வரும் என்பதற்கு முன்னால், அந்த 45 லீட்டரைப் பார்ப்போம்.

இந்த மெஷின்களின் லீட்டர் கணக்கை வழக்கமாக 30 பாகை வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்து அட்டையில் போடுவார்கள். அது நீர்கொழும்புக் காற்று. 30 பாகையில் ஒரு கனமீட்டர் காற்று 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராம்கூட இல்லை. எடுக்கத் தண்ணீரே குறைவு. அதற்கு மேல், கம்ப்ரசர் உள்ள மெஷினில் குளிர்க்குழாய் அறையைவிடப் பல பாகை குளிராக ஓட வேண்டும். அறையே 14, 15 பாகையில் இருந்தால் குழாயில் பனி கட்டும். பனியை உருக்க மெஷின் அடிக்கடி தன்னை நிறுத்திக்கொள்ளும். கரண்ட் போகும், வாளி நிறையாது. உங்கள் ஊர் இரவுகளில் அட்டையில் உள்ளதில் பாதிகூட எதிர்பார்க்காதீர்கள்.

இனி வட்டி. 600,000 ரூபாவுக்கு 8 சதவீதம் வீதம் 3 வருடத்துக்கு 144,000. மொத்தம் 744,000; தவணை 20,667. நீங்கள் மாதாமாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வர, அவர் மட்டும் கடைசி மாதம் வரை முழு 600,000க்கும் வட்டி எடுக்கிறார். வங்கிக் கடன்போல் குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 14.5 சதவீதம். இப்படி முழுத் தொகைக்கும் வட்டி எடுப்பதற்குப் பெயர் "பிளாட்". அந்தச் சொல் விலைப்பட்டியலின் ஏதோ ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

700 வாட் மெஷின் நாளுக்கு 12 மணிநேரம் ஓடினால் 8.4 யூனிட், மாதம் 252. உங்கள் 70 யூனிட் 322 ஆகும். நம் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180ஐத் தாண்டினால் மேல்படி விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். கூடுதல் யூனிட் ஒன்றுக்கு 50 ரூபா என்று வைத்தாலே 12,600. நடப்பு விலையை உங்கள் பில்லில் பார்த்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். தவணையோடு சேர்த்தால் 33,000 தாண்டுகிறது. மிஞ்சுவது 30,000 என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, ஓதத்தை என்ன செய்வது? அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிடியுங்கள். இரண்டடிச் சதுரத்தில் தடித்த பொலித்தீன் வெட்டி, பூஞ்சணம் பிடிக்கும் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிறகு, உரிப்பதற்கு முன் அறைப் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் என்றால் வீட்டுக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. உரித்ததும் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் வெளியிலிருந்தோ மண்ணிலிருந்தோ தண்ணீர் ஏறுகிறது. வீட்டுக்குள் ஓடும் எந்த மெஷினும் அதை நிறுத்தாது, மலையையே காயவைக்கப் பார்க்கும்.

மலைநாட்டில் மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் பின்சுவர்தான் குற்றவாளி. மண்மேடு சுவரோடு சாய்ந்திருந்தால் அதை வெட்டி விலக்கி, வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடியாவது கீழே கான் ஓட விடுங்கள். 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு போதும். பீலி நிரம்பி சுவரில் வழிகிறதா என்று மழை கொட்டும்போதே குடையோடு போய்ப் பார்க்க வேண்டும், வெயிலில் பார்த்தால் தெரியாது. ஓதம் தடுக்கும் பெயின்டை உள்பக்கம் மட்டும் அடிப்பது வீண். பின்னாலிருந்து வரும் ஈரம் அதைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும்.

வீட்டுக்குள்ளேயே நாம் உண்டாக்கும் ஈரமும் சில்லறை இல்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் குசினியில் ஏறக்குறைய 20 லீட்டர் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும். மழை என்று உள்ளே கொடி கட்டிக் காயப்போடும் உடுப்பு வேறு. அடுப்புக்கு மேலும் குளியலறையிலும் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், வேலை முடிந்தும் கால்மணிநேரம் ஓடட்டும். வெளியே மிஸ்ட் இறங்கியிருக்கும்போது காற்றை உள்ளே விடலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். 14 பாகையில் நனைந்த காற்றும் வீட்டுக்குள் 19 பாகைக்குச் சூடானால் ஈரப்பதம் ஏறக்குறைய 73 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கொழும்பில் ஏசி அறைக்குள் வெளிக்காற்று விடுவது வேறு கதை. அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பின்னால் காற்று ஓடாத இடத்தில்தான் சேலை வாடை பிடிக்கிறது.

இவ்வளவும் செய்து, ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்கி அம்மாவின் அறையில் இரண்டு வாரம் காலையும் இரவும் குறித்துவையுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே நின்றால் மெஷினே தேவையில்லை. 75க்கு மேலேயே நின்றால் அந்த ஓர் அறைக்கு மட்டும் சிறிய மெஷின் வாங்குங்கள். கடையில் "டெசிக்கன்ட்" வகை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதில் கம்ப்ரசர் இல்லை, ஈரம் உறிஞ்சும் சக்கரம் சுழலும், குளிரிலும் வேலை செய்யும், வெளிவிடும் காற்றும் சூடாக இருக்கும். லீட்டருக்குக் கரண்ட் சற்றுக் கூடுதலாகத்தான் இழுக்கும். ஆனால் குறைந்த வேகத்தில், 300 வாட் அளவில், இரவு 5 மணிநேரம் ஓட்டினால் மாதம் 45 யூனிட். உங்கள் கணக்கு 115இல் நிற்கும், 120 படியைத் தாண்டாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் அடிக்கும் நாட்களில் அதுவும் வேண்டியிருக்காது. பூஞ்சணத்தைச் சுரண்டும் நாளில் அம்மாவை வேறு வீட்டில் விடுங்கள். உலரச் சுரண்டினால் பறக்கும், நனைத்துத் துடையுங்கள்.

காசுக்கு வருவோம். கான், பீலி, ஃபேன், சிறிய மெஷின் எல்லாம் 2 இலட்சத்துக்குள் அடங்க வேண்டும் என்று வரம்பு போடுங்கள். 5 மாதத்தில் 150,000 உங்கள் கையிலேயே சேரும். வேலையை அந்த வரிசையில் செய்தால் மெஷின் கடைசியாகத்தான் வரும், அதற்குள் வைப்பும் முதிர்ந்துவிடும். மழை முந்திக்கொண்டு அவசரம் வந்தால் வைப்பை உடைக்காமல் அதன் மேல் கடன் கேளுங்கள். வைப்பு வட்டியைவிடச் சில சதவீதம்தான் கூட வாங்குவார்கள். உடைத்தால் ஓடிய மாதங்களுக்கும் வட்டியைக் குறைத்துவிடுவார்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

வங்கிக்குப் போகும்போது இன்னொன்று. 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுங்கள், பிடிக்கமாட்டார்கள். 8 சதவீத வைப்பானால் வருடத்துக்கு 8,000 ரூபா வரி மிச்சம்.

அந்தக் கடைக்காரர் மறுபடி அழைத்தால் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: 15 பாகையில் நாளுக்கு எத்தனை லீட்டர், பழுது பார்க்க ஆள் கொழும்பிலிருந்து ஏறிவர யார் காசு. எழுதித் தராதவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.