பன்னாட்டு ஈஆர்பி வருகிறது: கொங்கு ஆலைகளிலிருந்து கேள்விகள்

வெளிநாட்டுத் தலைமையகமோ வாடிக்கையாளரோ கொண்டுவரும் ஈஆர்பி மென்பொருளுக்காக (கணக்கு, கையிருப்பு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்) தங்கள் கணினிக் கட்டமைப்பை மேம்படுத்துகிறவர்கள் கேட்டவை இவை.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி: அண்ணா, தரவுத்தளம் பிராங்க்பர்ட்டில் இருக்கிறது. இணைய இணைப்பின் வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 500-க்கு உயர்த்திவிட்டோம். ஆனாலும் சாயப்பட்டறையில் ஒரு பதிவைச் சேமிக்க ஆறு நொடி ஆகிறதே?

தம்பி, அகலத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். தூரம் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பிராங்க்பர்ட் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 7,500 கிலோமீட்டர். போய்வர 75 மில்லிநொடிக்குக் குறையவே குறையாது. கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் 150 ஆனாலும் வியப்பில்லை. ஒரு சேமிப்புக்கு உங்கள் நிரல் தரவுத்தளத்தை 40 முறை கேட்டால் கணக்கு சரியாக ஆறு நொடி. பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காயை ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறவருக்குச் சாலையை அகலப்படுத்தி என்ன பயன்?

திருப்பூரில் ஓடும் நிரலைத் தரவுத்தளத்தின் பக்கத்திலேயே வையுங்கள். இங்கே திரை மட்டும் வந்தால் போதும்; உலாவி வழியாகவோ, தொலைவிலுள்ள கணினியின் திரையை இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவோ வரட்டும். பணம் கட்டுவதற்கு முன் சாயப்பட்டறைக் கணினியில், வேலை மும்முரமான நேரத்தில், ‘பிங்’ (தகவல் போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள். அலுவலக அறையில் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

இன்னொன்று: இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினாலும் இரண்டும் ஒரே பள்ளத்தில் வந்தால் ஒரே ஜேசிபி இரண்டையும் அறுத்துவிடும். பாதை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்து இந்தியா வரை இணையம் தடுமாறியது. தலைமையகத்துடன் தொடர்பே இல்லாத நாளிலும் லாரி கிளம்ப வேண்டும். டெலிவரி சலான் போட உள்ளூரிலேயே ஒரு வழி வையுங்கள்.

கோவை, பம்ப் உற்பத்தி: எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய ஈஆர்பியான ஈசிசி 6.0-இல் இருக்கிறோம். இருக்கிற விண்டோஸ் சர்வரிலேயே அதன் புதிய ஈஆர்பியான எஸ்/4 ஹானாவுக்கு மாறலாமா?

முடியாது. அதன் தரவுத்தளமான ஹானா, லினக்ஸ் இயங்குதளத்தின் சூசே, ரெட்ஹேட் வகைகளில் மட்டுமே ஓடும். தரவை முக்கியமாக ரேமில் வைத்து வேலை செய்வதால் செலவும் அங்கேதான் ஏறும். ஆகவே பழைய, செத்துப்போன வாடிக்கையாளர் கணக்குகளையும் உதிரிபாக எண்களையும் முதலில் காப்பகத்துக்கு அனுப்புங்கள். வாங்க வேண்டிய ரேம் குறையும். ஈசிசி 6.0-இல் மேம்பாட்டுத் தொகுப்பு 6 முதல் 8 வரை இருப்பவர்களுக்கு எஸ்ஏபியின் வழக்கமான ஆதரவு 2027 இறுதி வரை. 5-லும் அதற்குக் கீழேயும் இருப்பவர்களுக்கு 2025-உடன் முடிந்துவிட்டது.

பெருந்துறை: தமிழில் அடித்த ஊர்ப்பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். கொம்பு, புள்ளி போன்றவையும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘பெருந்துறை’ என்பதற்கே 30 பைட் வேண்டும். ஊர்ப்பெயருக்கு ஒதுக்கிய இடத்தின் (புலத்தின்) நீளம் எழுத்தில் எண்ணப்படுகிறதா, பைட்டிலா என்று தரவுத்தள நிர்வாகியிடம் கேளுங்கள்.

கரூர், வீட்டு ஜவுளி: ஐயா, ஜெர்மனிக் கிளையுடன், கணினி இரவில் தானாகச் செய்யும் பணிகளின் நேரம் குழம்புகிறது.

அம்மணி, தரவுத்தளத்தில் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தையே சேமியுங்கள். திரையில் மட்டும் உள்ளூர் நேரம் காட்டட்டும். நம்மோடு ஜெர்மனியின் வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்புவதால் அதிகாலை 2 மணி முதல் 3 வரை இருமுறை வரும். அந்த நேரத்தில் திட்டமிட்ட பணி இருமுறை ஓடக்கூடும். சம்பளப் பட்டியலை அந்த ஒரு மணி நேரத்தில் வைத்துவிடாதீர்கள்.

ஈரோடு: ஏப்ரல் 1 அன்று ஐந்து ஆலைகளிலும் ஒன்றாகத் தொடங்கச் சொல்கிறது தலைமையகம்.

தொடக்க இருப்புக்கு அந்தத் தேதி வசதிதான். ஆனால் கணக்குப் பிரிவு அப்போது ஆண்டு முடிப்பில் மூழ்கியிருக்கும். ஜனவரியில் ஆண்டு தொடங்கும் ஐரோப்பியத் தலைமையகத்துக்கு இது சட்டென்று புலப்படாது. நேரடியாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஆலையில் தொடங்கி, ஒரு மாத முடிப்பையும் ஜிஎஸ்டி தாக்கலையும் அதில் முடித்த பிறகே அடுத்த ஆலை. பேக்கப் எடுத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால், வேறொரு சர்வரில் அதை மீட்டெடுத்து ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டாமல் தொடக்கத் தேதிக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.