காணி சுவீகரிப்பு அறிவித்தல்: எந்த நீதிமன்றம், எத்தனை நாள்?

ஐயா, வலிகாமம் வடக்கில் உங்கட உறுதிக்காணியில காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் (அரசுக்குக் காணி தேவையெண்டு சொல்லும் முதல் அறிவித்தல்) ஒட்டி 20 நாளாகுது, யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்திலேயே எழுத்தாணை (அரச அதிகாரியின் முடிவைத் தடுக்க அல்லது இரத்துச்செய்ய நீதிமன்றம் இடும் ஆணை, ரிட்) மனு போடலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். அங்க போகாதேங்கோ. மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் மாகாண நிரலில் (மாகாண சபைக்கு ஒதுக்கின விடயங்களின் பட்டியல்) உள்ள விடயங்களுக்குத்தான். மத்திய அமைச்சின் சுவீகரிப்பெண்டால் இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லையெண்ட நியாயாதிக்க ஆட்சேபனையிலேயே மாதங்கள் ஓடிவிடும். எழுத்தாணைக்குக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம், அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை.

உங்களுக்கு அவசரம் மற்றது. 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேணும். 10 நாள்தான் மிச்சம். முடியாதெண்டால் அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் முறையிடுங்கோ. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. பலர் சறுக்குவது இங்கதான்: முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை நிலுவையில் இருக்குதெண்டு கடிதம் வாங்குங்கோ.

மனுவில் இடைக்காலக் கட்டளையும் (வழக்கு முடியும்வரை காணியில் கை வைக்காமல் தடுக்கும் கட்டளை) கேளுங்கோ, இல்லாட்டி வழக்கு நடக்கேக்கையே காணி கைமாறலாம். அதே சுவீகரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அறிவித்தல் (ஆட்சேபனை கேட்கும் அடுத்த அறிவித்தல்) வந்தால் அதில் போட்ட திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனையும் குடுங்கோ.

அரசுக்கு எதிராக நீதிமன்றம் நிக்குமோ எண்ட உங்கட சந்தேகம் விளங்குது. 2018இல் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தது செல்லாதெண்டு ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னதும் இதே 126 மனுக்களில்தான்.